குழாயின் வாயருகே என் கை

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வரி நேராக நிற்காது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது ஐந்தாம் வகுப்பிலேயே எனக்குத் தகராறு. நம் வாத்தியார் என் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இப்புடிப் பாத்தாத்தான் படிக்க முடியுது" என்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். என் மகள் இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து நம் ஐந்தாம் வகுப்புக் குழுவில் போடுவாள். காலை வணக்கமும் பூவும் போடுகிற இடத்தில் இது வந்து நின்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குழு ஆரம்பித்து இரண்டு வருடத்தில் நான் அதில் ஒரு வார்த்தை போட்டதில்லை. என் கடைக்கு டீ குடிக்க வரும்போது, "ஏண்டா மாப்ள, உசுரோடதான் இருக்கியா?" என்று கேட்பீர்கள். சிரித்துவிட்டு டீயை ஆற்றிக் கொடுப்பேன். எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் ஐந்தாவது முடித்த கோடையில், ஒரு சாயங்காலம், உங்களில் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தீர்கள். என் அக்காவைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதற்குப் பிறகும் வெகுநாள் சிரித்தீர்கள். நீங்கள் சின்னப் பிள்ளைகள், உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அக்காவுக்கு உரியது இல்லை.

அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவள். புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாவது படித்தாள். காலையில் முதல் பஸ்ஸில் போய் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருவாள். அம்மா எந்நேரமும் கடலைக் காட்டில் கிடந்ததால் எனக்குத் தலைசீவி விடுவது, சட்டைப் பொத்தான் தைப்பது எல்லாம் அவள்தான். எனக்காகப் பேசுவதும் அவள்தான். வீட்டுக்கு வந்தவர் யாராவது, "தம்பி, ஒம் பேரென்ன?" என்று கேட்டால்கூட நான் அக்காவைப் பார்ப்பேன். அவள் சொல்வாள்.

அந்த வருடம் அவளுடைய இயற்பியல் டீச்சர் நாலு பெண்களைச் சேர்த்து, தொலைநோக்கி செய்யலாம் என்று ஆரம்பித்தார். மூன்று பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். அக்கா விடவில்லை. இரண்டு வட்டக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் சோற்றுத்தட்டில் பாதி அகலம், நல்ல கனம். கீழே ஒன்றை வைத்து, கரகரப்பான தூளைத் தூவி, தண்ணீர் விட்டு, மேலே மற்றொன்றை வைத்துத் தேய்க்க வேண்டும். மேலே இருக்கிற கண்ணாடி தேயத் தேய நடுவில் மிக லேசாகக் குழியும். அந்தக் குழிவுதான் நட்சத்திரத்தைப் பிடிக்கும் என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே கொண்டுவந்து, தண்ணீர் நிரப்பிய ஒரு டிரம்மின் மேல் வைத்து, டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே தேய்ப்பாள். முதலில் மணலில் மண்வெட்டி இழுக்கிற சத்தம் வரும். மாதம் போகப் போக, தூள் நைசாக ஆக ஆக, சத்தம் குறைந்து, கடைசியில் பட்டுச்சேலை உரசுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

"இம்புட்டு நேரம் ஆட்டுக்கல்ல ஆட்டியிருந்தா ஊருக்கே இட்லி ஊத்தியிருக்கலாம்" என்று அம்மா சொல்வாள்.

"அந்த இட்லி ஒரு நாள்ல தீந்துரும்மா. இது தீராது" என்பாள் அக்கா.

ஆறு மாதம் தேய்த்தாள். டீச்சர் அதை மெட்ராஸுக்கு அனுப்பி வெள்ளிப்பூச்சு போட்டு வாங்கிக் கொடுத்தார். அதைப் பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது என்னைக்கூடத் தொடவிடவில்லை.

கண்ணாடிக்கு ஒரு குழாய் வேண்டும். எங்கள் கொல்லையில் ஆழ்துளைக் கிணறு போட்டு மிஞ்சிய பைப் ஒன்று கிடந்தது. அதன் மேல் பழைய பேப்பரை மைதாப் பசை தடவித் தடவிச் சுற்றி, காயவைத்து, உருவி எடுத்தாள். விரலால் தட்டினால் மரம் மாதிரிச் சத்தம் கேட்டது. கண்ணாடியைவிடச் சுற்றிலும் இரண்டு விரல்கடை அகலமாக இருந்தது. குழாயின் அடியை மூடாமல், மூன்று மரத்துண்டுகளை வைத்து அதில் கண்ணாடியை உட்காரவைத்தாள்.

"ஏங்க்கா இவ்வளவு லூசா இருக்கு?"

"கண்ணாடி பகல்ல வாங்குன சூட்ட ராத்திரி விடும்டா. அந்தச் சூடு ஓரமா ஏறிப் போக வழி வேணும். இல்லைன்னா நடுவுல வந்து குறுக்க நிக்கும்."

வெளிச்சம் குழாயின் வாய் வழியாக இறங்கி, அடியில் இருக்கிற கண்ணாடியில் பட்டு மேலே திரும்பும். வாய்க்குக் கொஞ்சம் உள்ளே சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி. அது வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அங்கேதான் கண் வைக்கிற லென்ஸ். அதனால் பார்க்கிறவர் எப்போதும் குழாயின் வாய்ப்பக்கமே நிற்க வேண்டியிருக்கும். அடிப்பக்கம் நிற்பது இல்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அக்கா எனக்கு வேடிக்கை காட்டினாள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, லென்ஸை வேண்டுமென்றே முன்னே பின்னே நகர்த்தி, அதை அப்பளம் மாதிரிப் பெரிய வட்டமாக ஆக்கினாள். "இப்பப் பாரு" என்று தன் கையைக் குழாயின் வாய்க்குக் கீழே நீட்டினாள். அந்த வட்டத்துக்குள் கையின் கறுப்பு நிழல் தெரிந்தது. விரல்களிலிருந்து புகை மாதிரி ஏதோ நெளிந்து நெளிந்து மேலே ஏறியது. மத்தியானம் தார் ரோட்டில் தெரியுமே, அதே நெளிவு.

"ஒங் கைய வையி. நான் பாக்குறேன்."

வைத்தேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எங் கைய விட மோசம். ஒனக்கு ஒடம்பு பூரா அடுப்புடா! பாக்குறப்ப வாய்ப்பக்கம் மட்டும் வந்து நிக்காத. காத்து எங்கிட்டுப் போகுதோ அங்கிட்டு நில்லு."

என் உடம்பிலிருந்து அப்படி ஒன்று ஏறுகிறது என்பதும், வானத்தில் இருப்பதைக் கலைக்கிற அளவுக்கு அதற்குச் சக்தி உண்டு என்பதும் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

வைகாசியில் அத்தை வந்தார். அத்தை அப்பாவுக்கு மூத்தவர், எங்களுக்கு மூன்றாவது தெரு. அத்தான் சிங்கப்பூர் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

"தம்பி, பயலுக்கு விசா வந்துரும். ஆவணியில முடிச்சுப்புட்டுத்தான் அனுப்பணும். இவளையும் பன்னெண்டு வரைக்கும் படிக்க வச்சாச்சு. இன்னும் என்ன?"

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "டீச்சரம்மா திருச்சி காலேஜ்ல எடம் வாங்கித் தாரேங்குறாங்களாம்க்கா" என்றார்.

"என்னத்தப் படிக்க?"

அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "வானத்தப் பத்திங்க அத்தை."

"வானத்துல என்னடி வெளையுது? கடலையா, உளுந்தா?"

"சனிக்கு வளையம் இருக்குங்க அத்தை. நானே பாத்தேன்."

அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அடியே! போயும் போயும் சனீஸ்வரனையா வீட்டு மாடிக்குக் கூப்புட்டு வச்சுப் பாக்குற? திருவரங்குளம் கோயில்லயே அவருக்கு நேரா நிக்கக் கூடாதுன்னுதான ஒதுங்கி நின்னு கும்புடுறோம்!"

"இதுலயும் நேரா பாக்குறதில்லைங்க அத்தை. கொழாய்க்குப் பக்கவாட்டுல ஒதுங்கி நின்னுதான் பாக்கணும்."

அப்பாவுக்குச் சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. அத்தைக்கே வாய் கோணியது. அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஏத்தா, வளையம்னா எப்புடி? பானைக்கு அடியில வக்கிற புரிமனையாட்டமா?"

"ஆமாப்பா. ஆனா பானையத் தொடாம நிக்கிது. நடுவுல இடைவெளி இருக்கு."

"தொடாம எப்புடி நிக்கும்?"

"வந்து பாருங்க."

அப்பா தன் கண்ணால் பார்க்காத எதையும் ஒத்துக்கொள்கிறவர் இல்லை. சாமி வந்து ஆடுகிறவர்களையே, "நெசமா, நடிப்பா?" என்று கிட்டப்போய்ப் பார்ப்பார். அன்றைக்கு அத்தைக்கு முன்னாலேயே சொன்னார். "சரி. அந்தப் புரிமனைய எங் கண்ணால பாத்துட்டேன்னா ஒன்னையத் திருச்சியில நானே கொண்டுபோயி விடுறேன். பாக்கலைன்னா அத்தை சொல்றபடி. சம்மதமா?"

"சம்மதம்ப்பா" என்று அக்கா குதித்தாள். தினமும் அவள் பார்க்கிற வளையம்தானே.

திருச்சி என்றால் ஹாஸ்டல், மாதத்துக்கு ஒருமுறைதான் விடுவார்கள் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அத்தை வீடு மூன்றாவது தெரு. என் புத்திக்கு எட்டிய கணக்கு அவ்வளவுதான்.

இரண்டு நாளில் ஒரு விபரீதம். சாயங்காலம் ஆட்டைக் கட்டுவது என் வேலை. விளையாட்டுப் புத்தியில் மறந்துபோனேன். ஆடு மைதாப் பசை வாசனைக்கு மாடிப்படி ஏறிப் போய்ப் பேப்பர் குழாயில் பாதியைத் தின்றுவிட்டது. நல்லவேளையாகக் கண்ணாடி உள்ளே அறையில் இருந்தது. சத்தியமாக அது நான் வேண்டுமென்று செய்தது இல்லை. அக்கா அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "புதுசாச் சுத்திக்கலாம்டா" என்றாள்.

அப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பந்தயம்னு வந்துட்டா ஒனக்கும் நல்ல கொழாயா இருக்கணும்ல" என்று சொல்லி, கண்ணாடியைச் சுற்றிக் கயிறு வைத்து அளவெடுத்துக்கொண்டு, புதுக்கோட்டையில் டிரங்குப் பெட்டி செய்கிறவரிடம் போனார். மூன்றாம் நாள் அதைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தார். நீங்கள்கூடப் பின்னாலேயே ஓடி வந்தீர்கள்.

முழுக்கத் தகரம். பெட்டிக்காரர் அதை ஒரு நீளமான பெட்டியாகவே நினைத்துச் செய்திருந்தார். பச்சைப் பெயிண்ட், அதன் மேல் சிவப்புப் பூ, தூக்க இரண்டு கைப்பிடி, வாய்க்கு மூடி, மூடிக்குப் பூட்டு மாட்டுகிற கொண்டி. அடியை ஈயம் வைத்துக் காற்றுப் புகாமல் மூடியிருந்தார். கண்ணாடி உள்ளே போனால் ஒரு நூல் ஆடாது. அவ்வளவு கச்சிதம். அப்பா பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். ஒரு நொடிதான். பிறகு, "நல்லாருக்குப்பா" என்றாள்.

மறுநாள் அப்பா காட்டுக்குப் போன பிறகு ஆணியும் சுத்தியலும் எடுத்து அடியில் ஓட்டை போட ஆரம்பித்தாள். வெயிலில் நின்ற பஸ்ஸுக்குள் ஏறினால் எப்படி இருக்குமோ அப்படிக் காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டு தவிக்கும், அது வெளியேற வழி வேண்டும் என்றாள். மூன்றாவது ஓட்டையில் அப்பா எதற்கோ திரும்பி வந்துவிட்டார்.

"ஏத்தா, புதுப் பெட்டிய ஏன் கொத்துற? புடிக்கலையா?"

அப்பாவின் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அக்கா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள். "இல்லப்பா, போதும்" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனுசன், தெரியாமல் அவளுக்கு எதிராகவே ஒரு குழாயைச் சுமந்து வந்தார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அப்படியும் அக்கா அதைச் சரிக்கட்டினாள். குறித்த நாளில் மத்தியானத்திலிருந்தே குழாயை வடக்கு அறை நிழலில் மூடியைத் திறந்து படுக்கவைத்தாள். மேலே ஈரச்சாக்கு. மாடித் தளம் பகல் முழுக்கக் காய்ந்து கிடந்ததால் நாலு மணியிலிருந்து எட்டுக் குடம் தண்ணீர் தூக்கிக் கொட்டினாள். சிமெண்டு சுர்ரென்று குடித்தது. அந்த வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. இருட்டத் தொடங்கியதும் செங்கல் அடுக்கிய மேடையில் குழாயைச் சாய்த்து வைத்து, தென்கிழக்கே திருப்பினாள். குழாயின் வாய் என் தாடைக்குச் சரியாக இருந்தது.

"தம்பி, வா. மொதல்ல நீ பாரு."

பார்த்தேன். இதை நான் சரியாக எழுத வேண்டும். மஞ்சளாக ஒரு சின்ன உருண்டை. அதைச் சுற்றி வளையம். இரண்டு பக்கமும் உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவில் கறுப்பு இடைவெளி. ஆடவில்லை, அலையவில்லை, ஊசியால் கீறி வைத்த மாதிரி இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியுதா?"

தலையாட்டினேன்.

"அவ்வளவுதாண்டா! ஜெயிச்சாச்சு. நீ மேடைய மட்டும் புடிச்சுக்க, ஆடாமப் பாத்துக்க. வாய்ப்பக்கம் வராத" என்று சொல்லிவிட்டு, "அப்பா! வாங்கப்பா!" என்று கத்திக்கொண்டே படியில் இறங்கி ஓடினாள்.

அந்த ஓட்டம்தான் என்னை ஏதோ செய்துவிட்டது. அவ்வளவு சந்தோசமாக அவள் எங்களை விட்டுப் போகப்போகிறாள் என்று பட்டது. நான் மேடையைப் பிடித்தபடி, குழாயின் வாய்க்குக் கீழே வந்து நின்றேன். சட்டை போடவில்லை. உங்களோடு ஓடிப்பிடித்து விளையாடிவிட்டு வந்திருந்த உடம்பு, தகதகவென்று இருந்தது. இரண்டு கையையும் விரித்து, குழாயைத் தாங்குகிற மாதிரி, வாய் விளிம்புக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டேன். விளக்கு எதுவும் இல்லை. பார்த்தாலும் நான் குழாயைத் தாங்குவதாகத்தான் தெரிந்திருக்கும்.

அப்பா வந்தார். குளித்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்திருந்தார். அத்தை பின்னால் வந்து, படிக்குப் பக்கத்திலேயே சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அப்பா குனிந்து கண்ணை வைத்தார்.

"என்னத்தா, ஒரு வெளிச்சந்தான் தெரியுது. ஒலையில அரிசி கொதிக்கிற மாதிரி கெடந்து குதிக்கிது."

"கொஞ்ச நேரம் பாருங்கப்பா. கண்ணு பழகணும்."

அப்பா வெகுநேரம் பார்த்தார். கண்ணை மாற்றிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இருக்குமோ இருக்குமோன்னுதான் பாக்குறேன்" என்று முனகினார். அவருக்குப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை இருந்தது என்பதை, பக்கத்தில் இரண்டு முழத் தூரத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்ற நான்தான் கேட்டேன்.

அக்கா அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே பார்த்தாள். லென்ஸைத் திருகினாள். கையை அசைத்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தம்பி, கைய வாய்ப்பக்கம் வச்சிருக்கியா?"

"இல்லக்கா."

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேங்க்கா."

கையை எடுத்தேன். எடுத்துவிட்டு நெஞ்சை அந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். அவள் என்னை நம்பி மறுபடி லென்ஸில் கண்ணை வைத்தாள்.

அப்பா மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இல்லத்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அத்தை படியிலிருந்து, "நாந்தான் சொன்னேன்ல? சனீஸ்வரன் முகங்குடுக்கலை. அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். கைப்பிடிச் சுவரிலிருந்து உங்களில் ஒருவன் கத்தினான்: "வளையம் கழண்டு விழுந்துருச்சுடோய்! கீழ தேடுங்கடா!" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அப்பா படியிறங்கும்போது நின்று, "வேணும்னா நாளைக்கும் ஒரு தடவ பாப்பமாத்தா?" என்று கேட்டார். இதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அக்கா அதற்குள் கண்ணாடியைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்ப்பா. கண்ணாடி சரியில்ல. விளிம்புல தப்பாத் தேஞ்சிருக்கு போல. நான் தேச்சதுதான் தப்பு."

"முன்னாடி பாத்தேன்னியே?"

"பாத்த மாதிரி இருந்துச்சு. ஆசையில தெரிஞ்சிருக்கும்."

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் முழுக்க நேரம் இருந்தது, அதற்கடுத்த நாளும். டீச்சரைப் போய்க் கேட்கலாம் என்று அம்மா சொன்னதற்கு, வேலையைக் கெடுத்துவிட்டு எந்த முகத்தோடு போவது என்று அக்கா மறுத்துவிட்டாள். அக்கா வாயடைத்துப் போனதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் அப்பா. ஆவணியில் கல்யாணம் நடந்தது. நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அத்தானுக்கு மோதிரம் போட்டேன். அக்கா மூன்றாவது தெருவுக்குப் போனாள். நான் கேட்டது எனக்குக் கிடைத்தது.

நான் ஆறாவது போகவில்லை. போகச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்க வீட்டில் ஆள் இல்லை. தகரக் குழாயில் அம்மா உளுந்து கொட்டி வைத்தாள். மூடியும் பூட்டும் இருந்ததால் எலி போகாது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். கண்ணாடியை அக்காவே ஊறுகாய் ஜாடியில் எலுமிச்சங்காய்க்கு மேல் பாரமாக வைத்துவிட்டாள். ஒரு மாதத்தில் உப்பு வெள்ளிப்பூச்சைத் தின்றுவிட்டது. பிறகு ஒரு நாள் கழுவும்போது கல்லில் விழுந்து உடைந்தது. அக்கா துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக் குழியில் போட்டாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அத்தான் நல்லவர். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், வீடு வாசல் என்று குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தன் கையால் செய்கிற எதையும் அவள் நம்பமாட்டாள். கோலம் போட்டால், "கோணலா இருக்கா பாரு" என்று யாரையாவது கூப்பிடுவாள். குழம்பு வைத்தால் மூன்று பேரை ருசி பார்க்கச் சொல்வாள். மகளின் கணக்கு நோட்டைப் பார்க்கச் சொன்னால், "எனக்குத் தெரியாது, நான் சொன்னா தப்பாப் போயிரும்" என்பாள். பன்னிரண்டாவதில் கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள்.

நான் எனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அக்கா தகரக் குழாயைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. கெடுத்தது தகரம்தான், ஒரு பையனின் கை என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன். கடையில் பாய்லருக்கு மேலே ரோட்டில் போகிற பஸ் நெளிவதைத் தினமும் பார்த்துக்கொண்டே இதை நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் குன்றாண்டார்கோவில் போகிற வழியில் ஒரு பள்ளி மைதானத்தில் கல்லூரிப் பிள்ளைகள் தொலைநோக்கி வைத்திருந்தார்கள். என் மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அதற்குக் குழாயே இல்லை. நாலைந்து கம்பிகள் மட்டும், அதைச் சுற்றிக் கறுப்புத் துணி. வரிசையில் நின்றவர்களிடம் ஒரு பெண், "வாய்ப்பக்கம் நிக்காதீங்க, இங்கிட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் முறை வந்தபோது எப்படியோ கேட்டுவிட்டேன்.

"இந்தத் துணி எதுக்கும்மா?"

"தெறந்த கூடு அங்கிள். பக்கத்துல நிக்கிறவங்க ஒடம்புச் சூடு உள்ள போயிரும். அதத் தடுக்கத்தான்."

"ஒடம்புச் சூடு அவ்வளவு செய்யுமா?"

"நல்லாச் செய்யும். உள்ளங்கைய வாய்க்குக் கீழ காட்டுனாலே போதும்."

"தகரக் கொழாயா இருந்தா, அதுதான கெடுக்கும்?"

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "தகரமும் கெடுக்கும் அங்கிள். ஆனா நெழல்ல வச்சிருந்தா நேரம் ஆக ஆக அது ஆறிடும். ஆளு ஆற மாட்டாரே."

லென்ஸில் கண்ணை வைத்தேன். இந்த வருடம் வளையம் ஒரு கோடு மாதிரிதான் தெரியும் என்றார்கள். எனக்கு அதுவும் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன். உடைத்துக்கொண்டே சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அவள் கை மட்டும் நின்றுவிட்டது.

"எவ்வளவு நேரம் வச்சிருந்த?"

"அப்பா கீழ எறங்குற வரைக்கும்."

"நான் கேட்டேன்ல, எடுத்துட்டியான்னு."

"கேட்ட."

"எடுத்துட்டேன்னு சொன்ன."

"ஆமாக்கா."

கடலைத் தோலை முறத்தின் ஓரத்துக்குத் தள்ளினாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள். "அதுக்கு முன்னாடி நீ பாத்தப்ப, வளையம் தனியா நின்னுச்சா? நடுவுல கறுப்புத் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு. ரெண்டு பக்கமும்."

"அலையாம?"

"அலையவே இல்லக்கா."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை.

"அப்பா இல்ல. அத்தை இல்ல. அவங்களுக்கு இனிமே ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். "அந்தச் சொவத்துல உக்காந்து சிரிச்சவனுங்க இருக்கானுங்கள்ல? அவனுங்களுக்குச் சொல்லு. வாயால சொன்னா நீ பாதிய முழுங்கிருவ. எழுதிக் குடு. எழுதி முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வராத."

அந்தக் கண்ணாடி இன்றைக்கு இல்லை. எடுத்துவைத்துப் பரீட்சித்துக் காட்ட வழியில்லை. அது சரியாக இருந்த நேரத்தில் அதில் பார்த்தவர்கள் அக்காவும் நானும் மட்டும்தான். அவள் தன் கண்ணை நம்பாமல் விட்டுவிட்டாள். மிச்சம் இருக்கிற சாட்சி நான் ஒருவன். அதனால் உங்கள் எல்லோருக்கும் எழுதித் தருகிறேன். அன்று சாயங்காலம், நான் கை வைப்பதற்கு முன்னால், சனியின் வளையம் தெளிவாகத் தெரிந்தது. விளிம்பு தேயவில்லை. அக்கா தேய்த்ததில் ஒரு தப்பும் இல்லை.

புரட்டாசி மாதம் எட்டாம் நாள், புதன்கிழமை.